சோர்ஸ் கோட் சரி... சிப்பில் இருப்பதும் அதுதானா? ஓர் அணு உலை சொல்லும் பாடம்

கோட் எழுதி முடித்தாச்சு. டீம் லீட் படித்துப் பார்த்தாச்சு. ரிவ்யூவில் வந்த கமென்ட்டுகளையும் சரி பண்ணியாச்சு. டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டுகிறது. 'பில்ட்' பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கக் கிளம்புகிறோம். ஐடி துறையில் இருப்பவர்களுக்கு இது அன்றாடக் காட்சி.

இந்த வரிசையில் பெரும்பாலும் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. டீம் முழுக்க உட்கார்ந்து படித்தது சோர்ஸ் கோடை. மெஷினில் ஓடப்போவதோ, அதை வைத்து கம்பைலர் தயாரித்துக் கொடுத்த வேறொன்று. அந்த வேறொன்றை யார் படித்துப் பார்த்தார்கள்?

உணவு ஆர்டர் செய்யும் ஆப் என்றால் பரவாயில்லை. தப்பு நடந்தால் நாளைக்கே ஒரு அப்டேட் விட்டுவிடலாம். ஆனால், அந்த மென்பொருளின் வேலையே அணு உலையில் ஏதாவது எல்லை மீறும்போது உலையை நிறுத்துவது என்றால்?

1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பொறியாளர்கள் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தார்கள். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த பதில் கொஞ்சம் பிடிவாதமானது. சிப்பில் பதிந்திருந்த எண்களையே திரும்பப் படித்தெடுத்து, அவை சோர்ஸ் கோட் சொன்னதைத்தான் செய்கின்றனவா என்று பகுதி பகுதியாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

அதை எப்படிச் செய்தார்கள், ஏன் செய்தார்கள், இன்றைக்கு அந்த வேலை எப்படி மாறியிருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில், கம்பைலர் என்னதான் செய்கிறது?

சி, ரஸ்ட் போன்ற மொழிகள் மனிதர்கள் எழுதுவதற்கும் படிப்பதற்கும் உருவானவை. பிராசஸருக்கு அவை புரியாது. 'இந்த எண்ணை எடு', 'அந்த எண்ணோடு ஒப்பிடு', 'பெரிதாக இருந்தால் அங்கே தாவு' என்பது மாதிரியான சின்னச் சின்னக் கட்டளைகள்தான் அதற்குத் தெரியும். அந்தக் கட்டளைகளும் எண்களாகவே மெமரியில் இருக்கும். இதுதான் மெஷின் கோட். நாம் எழுதியதை மெஷின் கோடாக மாற்றித் தருகிற மொழிபெயர்ப்பாளர்தான் கம்பைலர்.

ஆனால் இவர் வரிக்கு வரி மொழிபெயர்ப்பவர் இல்லை. வேகத்துக்காகச் சில வேலைகளை முன்பின்னாக மாற்றுவார். இரண்டு கணக்குகளை ஒன்றாக்குவார். தேவையில்லை என்று அவருக்குப் பட்டதை நீக்கிவிடுவார். 'ஆப்டிமைசேஷன்' என்று சொல்வது இதைத்தான். நாம் யோசித்து யோசித்து வைத்த வேரியபிள் பெயர்கள், கமென்ட்டுகள் எதுவும் மறுபக்கம் போய்ச் சேர்வதில்லை.

நிலப் பத்திரத்தைத் தமிழில் வரிவரியாகப் படித்துப் பார்த்துவிட்டு, அதை நமக்குத் தெரியாத மொழியில் யாரோ எழுதிக் கொடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போடுவதை யோசித்துப் பாருங்கள். செல்லுபடியாகப் போவது அந்தக் காகிதம்தான். மென்பொருள் உலகம் தினமும் இதைத்தான் செய்கிறது. எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் நம்பகமானவர் என்பதால் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரே ஒரு பிட் மாறினால் என்ன ஆகும்?

ஒரு கற்பனை உதாரணம். அழுத்தத்தை அளக்கும் ஒரு சென்சார், 0 முதல் 65,535 வரை ஏதாவது ஓர் எண்ணைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்பு எல்லை 30,000. சோர்ஸ் கோடில் இருப்பது ரொம்ப எளிமையான விதி: 'அளவு 30,000-ஐத் தாண்டினால் உலையை நிறுத்து.'

இன்டெல் 8086 வகை பிராசஸரில் 'பெரிதாக இருந்தால் தாவு' என்பதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று, எண்களுக்கு மைனஸ் குறி கிடையாது என்று எடுத்துக்கொண்டு ஒப்பிடும். இன்னொன்று, மைனஸ் எண்களும் உண்டு என்று எடுத்துக்கொண்டு ஒப்பிடும். மெமரியில் முதல் கட்டளையின் வடிவம் 01110111. இரண்டாவதன் வடிவம் 01111111. நன்றாகப் பாருங்கள். வித்தியாசம் ஒரே ஒரு பிட்.

இங்கே வர வேண்டியது முதல் கட்டளை. தவறிப்போய் இரண்டாவது வந்துவிட்டால்? சென்சார் 40,000 காட்டுகிறது. மைனஸ் குறி உண்டு என்ற கணக்கில் 16 பிட்டில் அந்த 40,000-க்கு அர்த்தம் மைனஸ் 25,536. அது 30,000-ஐவிடச் சின்னது. ஆகவே, பிராசஸரைப் பொறுத்தவரை எல்லாம் நார்மல். உலை நிற்காது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. டெஸ்ட் செய்பவர் எல்லைக்குக் கொஞ்சம் கீழே 29,000 கொடுத்துப் பார்ப்பார். நிற்காது, சரி. எல்லைக்குக் கொஞ்சம் மேலே 31,000 கொடுத்துப் பார்ப்பார். நிற்கும், அதுவும் சரி. தவறு வெளியே வருவது 32,768 அல்லது அதற்கு மேல் கொடுத்தால்தான். அழுத்தம் கொஞ்சமாகக் கூடும்போது ஒழுங்காக வேலை செய்துவிட்டு, தாறுமாறாக எகிறும்போது கைவிடுகிற பாதுகாப்பு. சோர்ஸ் கோடை ஆயிரம் பேர் படித்தாலும் இந்தத் தவறு கண்ணில் படாது. ஏனென்றால், அது அங்கே இல்லவே இல்லை.

சைஸ்வெல் பி: கேள்வி எழுந்த இடம்

இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரையில் இருக்கிறது சைஸ்வெல் பி அணுமின் நிலையம். 1995-ல் மின் உற்பத்தியைத் தொடங்கியது. பிரிட்டனில் பிரதானப் பாதுகாப்பு அமைப்பை மென்பொருளை நம்பி அமைத்த முதல் அணுமின் நிலையம் இது. அதன் பெயர் 'பிரைமரி புரொடெக்‌ஷன் சிஸ்டம்'. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் உருவாக்கியது. வெப்பநிலை, அழுத்தம் போன்ற அளவுகளை விடாமல் கவனித்து, ஆபத்து என்றால் உலையை நிறுத்துவதும், தேவையான பாதுகாப்புக் கருவிகளை இயக்குவதும் அதன் பொறுப்பு.

இதற்காக எழுதப்பட்ட நிரல் சுமார் 1 லட்சம் வரிகள். இன்டெல் நிறுவனத்தின் பிஎல்/எம்-86 என்ற மொழியில் எழுதப்பட்டது. கம்பைல் ஆன பிறகு அது பிராம் எனப்படும் மெமரி சிப்களில் பதிக்கப்பட்டது. மின்சாரம் போனாலும் அழியாத சிப்கள் அவை.

இந்த அமைப்பில் ஒன்றுக்கொன்று தனியான நான்கு பிரிவுகள் இருந்தன. ஒன்று பழுதானாலும் மற்றவை காப்பாற்றும் என்பது ஏற்பாடு. கருவி பழுதாவதற்கு எதிராக இது நல்ல பாதுகாப்பு. ஆனால் மென்பொருளில் தவறு என்றால் கதையே வேறு. நான்கு பிரிவுகளிலும் ஓடுவது ஒரே நிரல், ஒரே கம்பைலர் தயாரித்தது. கம்பைலர் ஓரிடத்தில் சறுக்கியிருந்தால் நான்கும் ஒரே நொடியில், ஒரே மாதிரி தப்பு செய்யும். நான்கு காவலாளிகள் நின்றும், நான்கு பேர் கையிலும் இருப்பது தப்பான அதே சாவி.

சோர்ஸ் கோடைக் கணித முறையில் அலசும் பெரிய வேலை ஒன்று தனியாக நடந்தது. அதற்குப் பயன்பட்ட கருவி மால்பாஸ். பிரிட்டனின் மால்வெர்ன் நகரில் இருந்த பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் வேர்விட்டது அது. பெயரே ஊர்ப் பெயரிலிருந்து வந்ததுதான். சோர்ஸ் கோட், அதன் வரையறை சொன்னதைச் செய்கிறதா என்று பார்த்தாகிவிட்டது. அப்போது மிச்சம் இருந்த இடைவெளி ஒன்றுதான்: சோர்ஸ் கோடிலிருந்து சிப் வரை.

எப்படி ஒப்பிட்டார்கள்?

மின் நிலையத்தின் உரிமையாளரான நியூக்ளியர் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர்கள் இந்த வேலையைப் பற்றி 1993-ல் 'தி கம்ப்யூட்டர் ஜர்னல்' ஆய்விதழில் விளக்கமாக எழுதினார்கள். அடிப்படை யோசனையை நான்கு படிகளில் சொல்லலாம்.

1. கம்பைலர் தந்த ஃபைலை எடுக்கவில்லை. பிராம் சிப்பில் உண்மையில் பதிந்திருப்பதைப் படித்தெடுத்தார்கள். இதனால் கம்பைலருக்குப் பிறகு வரும் லிங்கர், சிப்பில் பதிக்கும் கருவி ஆகியவற்றின் தவறுகளும் வலைக்குள் வந்துவிடும்.

2. அந்த எண்களை மறுபடி கட்டளைகளாக மாற்றினார்கள். பிறகு ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும் என்பதை மால்பாஸுக்குப் புரிகிற கணித வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

3. மறுபக்கம், சோர்ஸ் கோடையும் அதே கணித வடிவத்துக்கு மாற்றினார்கள். 'இதுதான் நடக்க வேண்டும்' என்று சொல்லும் வரையறையின் இடத்தில் அதை வைத்தார்கள்.

4. இரண்டும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு புரொசீஜராக மால்பாஸ் சரிபார்த்தது. பொருந்தாவிட்டால், எந்த நிலையில் பொருந்தவில்லை என்பதையும் அது சொல்லும். அந்த நிபந்தனைக்கு மால்பாஸ் வைத்திருக்கும் பெயர் 'த்ரெட்', அதாவது அச்சுறுத்தல்.

மேலே பார்த்த அழுத்த உதாரணத்தை இப்படி ஓட்டினால், 'அளவு 32,768 முதல் 65,535 வரை இருக்கும்போது இரண்டும் வேறு வேறு முடிவு தருகின்றன' என்று ஒரே வரியில் விடை வந்துவிடும். 40,000-ஐக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்க வேண்டியதில்லை. எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்காமல், எல்லா எண்களையும் ஒரே சமன்பாட்டில் வைத்துப் பார்ப்பதன் லாபம் இது.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்வது அப்படியில்லை. சோர்ஸ் கோடில் 'அழுத்தம்' என்று பெயருள்ள வேரியபிள், சிப்பில் வெறும் ஒரு மெமரி முகவரி. எந்தப் பெயர் எந்த முகவரி என்று முதலில் ஜோடி சேர்க்க வேண்டும். சோர்ஸில் ஒரு வரியாக இருக்கும் கணக்கு, மெஷின் கோடில் பல கட்டளைகளாகப் பிரிந்து ரெஜிஸ்டர்களில் அலைந்து திரியும். லூப் வந்தால், ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் இருக்க வேண்டியது எது என்று தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இப்படி 1 லட்சம் வரிகளுக்கு!

டெஸ்ட் பண்ணினா போதாதா?

நியாயமான கேள்வி. டெஸ்ட் செய்யும்போது ஓடுவது மெஷின் கோட்தான். அதில் தவறு இருந்தால் அங்கே தெரிந்துவிடாதா?

தெரியலாம். ஆனால் 16 பிட் அளவுள்ள இரண்டே இரண்டு உள்ளீடுகள் இருந்தாலே 429 கோடிக்கும் மேல் சேர்க்கைகள் வரும். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பது நடக்காத காரியம். பொதுவாக, சோர்ஸ் கோடைப் பார்த்துத்தான் எந்த இடங்களைச் சோதிக்கலாம் என்று முடிவு செய்கிறோம். சோர்ஸில் இல்லாத ஒரு தவறு எங்கே ஒளிந்திருக்கும் என்று சோர்ஸைப் பார்த்துச் சொல்ல முடியாது. டெஸ்ட் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. டெஸ்டிங்கும் ஒப்பீடும் வேறு வேறு வகைத் தவறுகளைப் பிடிப்பவை. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இரண்டும் வேண்டும்.

கம்பைலர் நிஜமாகவே தப்பு பண்ணுமா?

பண்ணும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தற்செயலான சி நிரல்களை உருவாக்கித் தள்ளும் 'சிஸ்மித்' என்ற கருவியை எழுதினார்கள். ஒரே நிரலைப் பல கம்பைலர்களிடம் கொடுப்பார்கள். விடை வேறு வேறாக வந்தால் யாரோ ஒருவர் தப்பு. மூன்று ஆண்டுகளில் அதுவரை யாருக்கும் தெரியாத 325-க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டுபிடித்துத் தெரிவித்ததாக 2011-ல் வெளியான அவர்களது ஆய்வுக்கட்டுரை சொல்கிறது. சோதித்த ஒவ்வொரு கம்பைலரும், சரியான நிரலுக்குச் சத்தமே இல்லாமல் தவறான மெஷின் கோடைத் தந்த சந்தர்ப்பம் உண்டு.

இதைவிட விசித்திரமான சங்கதி, கம்பைலர் விதிப்படியே நடந்தும் பாதுகாப்புச் சோதனை காணாமல் போவது. 2009-ல் லினக்ஸ் கெர்னலில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 'டன்' என்ற நெட்வொர்க் டிரைவரில் இரண்டு வரிகள். முதல் வரி, ஒரு பாயிண்டர் காட்டும் இடத்திலிருந்து ஒரு மதிப்பை எடுக்கிறது. அடுத்த வரி, அந்தப் பாயிண்டர் காலியா என்று பார்த்து, காலி என்றால் வெளியேறுகிறது.

வரிசை தப்பு. முதலில் சோதித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். இருந்தாலும் 'சோதனை இருக்கிறதே' என்று படிப்பவருக்குத் தோன்றும். ஜிசிசி கம்பைலர் யோசித்தது வேறு மாதிரி: 'முதல் வரியிலேயே இந்தப் பாயிண்டரைப் பயன்படுத்திட்டாங்க. காலியான பாயிண்டரைப் பயன்படுத்துறது சி மொழி விதிப்படி செய்யக் கூடாத காரியம். அப்போ இது காலியா இருக்க வாய்ப்பே இல்லை. அடுத்த வரி வேஸ்ட்.' நீக்கிவிட்டது.

சோர்ஸில் சோதனை இருந்தது. ஓடிய கெர்னலில் இல்லை. அந்த ஓட்டை வழியாகச் சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழுக் கட்டுப்பாட்டையும் எடுக்க முடியும் என்று ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் செய்தே காட்டினார். அதன் பிறகு, இத்தகைய சோதனைகளை நீக்கக் கூடாது என்று கம்பைலருக்குச் சொல்லும் உத்தரவு கெர்னலின் பில்ட் அமைப்பில் சேர்க்கப்பட்டது.

யாராவது வேண்டுமென்றே மாற்றினால்?

இதுவரை பார்த்தவை தெரியாமல் நடந்தவை. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்ஸன், டூரிங் விருது ஏற்புரையில் இதன் இருண்ட பக்கத்தைக் காட்டினார். அந்த உரை 1984-ல் அச்சில் வந்தது. லாகின் நிரலைக் கம்பைல் செய்யும்போது ரகசியக் கதவு ஒன்றைச் சேர்த்துவிடும் கம்பைலரை அவர் விவரித்தார். அது தன்னையே கம்பைல் செய்யும்போதும் அதே விஷமத்தைப் புது கம்பைலருக்குள் கடத்திவிடும். விளைவு: லாகின் நிரலின் சோர்ஸும் சுத்தம், கம்பைலரின் சோர்ஸும் சுத்தம். ஆனால் கதவு திறந்தே இருக்கும்.

இது வெறும் வகுப்பறை உதாரணம் இல்லை என்று 2020 டிசம்பரில் உலகம் தெரிந்துகொண்டது. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் பில்ட் சர்வருக்குள் புகுந்திருந்த மால்வேர், ஓரியன் மென்பொருள் கம்பைல் ஆகும் நேரம் பார்த்து ஒரு சோர்ஸ் ஃபைலை மாற்றி வைத்தது. வேலை முடிந்ததும் பழைய ஃபைலையே திரும்ப வைத்துவிட்டது. நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்தோடு வெளியான அந்த அப்டேட் சுமார் 18,000 வாடிக்கையாளர்களைச் சென்றடைந்தது.

இப்படிப்பட்ட சதிக்கு எதிராக வந்த ஒரு வழிதான் 'ரீப்ரொடியூசிபிள் பில்ட்'. ஒரே சோர்ஸ், ஒரே கம்பைலர் என்றால், யார் எங்கே கம்பைல் செய்தாலும் ஒரு பைட் கூட மாறாத அதே ஃபைல் வர வேண்டும். நீங்களும் நானும் தனித்தனியாகச் செய்து பார்த்து, விடை ஒன்றாக இருந்தால், நடுவில் யாரும் கை வைக்கவில்லை என்று நம்பலாம். டெபியன், டார் பிரவுசர் போன்ற திட்டங்கள் பல ஆண்டுகளாக இதற்கு உழைக்கின்றன. கம்பைல் செய்த நேரம், ஃபோல்டரின் பெயர் போன்ற சில்லறை விஷயங்கள் ஃபைலுக்குள் புகுந்து பைட்டுகளை மாற்றிவிடும். அவற்றை ஒவ்வொன்றாகக் களைவதுதான் இதில் பெரும்பாடு.

ஒரு வித்தியாசத்தை இங்கே கவனிக்க வேண்டும். 'இந்த ஃபைல் இந்த சோர்ஸிலிருந்துதான் வந்ததா?' என்பது ஒரு கேள்வி. 'இந்த ஃபைல், சோர்ஸ் சொன்னதையே செய்கிறதா?' என்பது இன்னொரு கேள்வி. ரீப்ரொடியூசிபிள் பில்ட் முதல் கேள்விக்குத்தான் பதில். ஒரே கம்பைலரில் பிழை இருந்தால், உங்களுக்கும் எனக்கும் அச்சு அசலாக அதே பிழை வரும். இரண்டாவது கேள்விக்கு சைஸ்வெல் பியில் செய்தது போன்ற ஒப்பீடு வேண்டும்.

விமானத்தில் என்ன விதி?

பயணிகள் விமானங்களின் மென்பொருளுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் வழிகாட்டி டிஓ-178சி. 2011-ல் வெளியானது. பிழையால் என்ன விபரீதம் நடக்கலாம் என்பதை வைத்து மென்பொருளை அது ஏ முதல் ஈ வரை தரம் பிரிக்கிறது. ஏ என்றால், தவறு நடந்தால் விமானமே விபத்துக்குள்ளாகலாம் என்று அர்த்தம்.

அந்த ஏ நிலைக்கு மட்டும் ஒரு கூடுதல் நிபந்தனை உண்டு. சோர்ஸில் நேரடியாக அடையாளம் காட்ட முடியாத கோடை கம்பைலர் தானாகச் சேர்த்திருந்தால், அதைத் தனியாகச் சரிபார்த்தாக வேண்டும். நாம் கேட்காமலே கம்பைலர் சேர்க்கும் எல்லைச் சோதனைகள், தொடக்க மதிப்பு போடும் கட்டளைகள் போன்றவை இதில் வரும். 'எங்கள் சோர்ஸில் எல்லாம் சரியாக இருந்தது' என்ற பதில் இங்கே செல்லாது.

இன்றைக்கு வேறு வழி இருக்கிறதா?

இரண்டு பாதைகள் இருக்கின்றன.

முதல் பாதை, மொழிபெயர்ப்பாளரையே நிரூபித்துவிடுவது. பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் சேவியர் லெராய் தலைமையிலான குழு உருவாக்கிய 'காம்ப்செர்ட்' என்ற சி கம்பைலர் இந்த வகை. அது தரும் மெஷின் கட்டளைகள் சோர்ஸின் அர்த்தத்தை மாற்றாது என்பதற்கு, கம்ப்யூட்டரே சரிபார்த்த கணித நிரூபணம் இருக்கிறது. மேலே சொன்ன சிஸ்மித் குழு காம்ப்செர்ட்டையும் விடாமல் குடைந்து பார்த்தது. அதில் கண்ட தவறுகள், நிரூபணத்துக்கு வெளியே இருந்த பகுதிகளில் மட்டுமே. மற்ற கம்பைலர்களில் கொத்துக் கொத்தாகப் பிழை கிடைத்த நடுப்பகுதியில், காம்ப்செர்ட்டிடம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இரண்டாவது பாதை, சைஸ்வெல் பியின் வாரிசு. கம்பைலர் எப்படியாவது இருக்கட்டும், அது தந்த விடையை ஒவ்வொரு முறையும் சரிபார்ப்போம் என்பது. 1998-ல் அமீர் ப்னுவேலியும் சக ஆய்வாளர்களும் இதற்கு 'டிரான்ஸ்லேஷன் வேலிடேஷன்' என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் உருவான எஸ்இஎல்4 என்ற இயங்குதள கெர்னல் இதற்கு நல்ல உதாரணம். அதன் சி கோட் சரியானது என்று 2009-ல் நிரூபித்தார்கள். ஆனால், 'கம்பைலர் தப்பு செய்யாது' என்று அந்த நிரூபணம் நம்பிக்கொண்டிருந்தது. 2013-ல் அந்த நம்பிக்கையையும் கழற்றினார்கள். ஜிசிசி தந்த மெஷின் கோடையே எடுத்து, கையால் அசெம்பிளியில் எழுதியது போன்ற சில பகுதிகள் நீங்கலாக, சி கோடோடு தானியங்கியாக ஒப்பிட்டு நிரூபித்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் மனிதர்கள் கைபிடித்து நடத்திச் சென்ற வேலையில் பெரும்பகுதியை இப்போது கணினியே செய்கிறது.

இவ்வளவும் செய்தால் நிம்மதியாகத் தூங்கலாமா?

முழுசாக இல்லை. சிப்பில் இருப்பது சோர்ஸ்தான் என்று நிரூபிக்கலாம். சோர்ஸே தப்பு என்றால்? 1996-ல் ஏரியன் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே வெடித்துச் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் அடக்கப் பார்த்ததில் வந்த வினை. அங்கே கம்பைலர் சொன்னதைச் செய்தது. சொன்னதுதான் தப்பு.

அதேபோல, சிப்பில் இருக்கும் கட்டளைகள் சரி, அவற்றை ஓட்டும் பிராசஸரே தப்பு என்றால்? 1994-ல் இன்டெல் பென்டியத்தில் வகுத்தல் கணக்கு சில எண்களுக்குத் தவறாக வந்தது. அதைச் சரிசெய்ய இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

சைஸ்வெல் பியை வடிவமைத்தவர்களும் இதை அறியாதவர்கள் இல்லை. அத்தனை ஒப்பீட்டையும் செய்த பிறகும் அவர்கள் மென்பொருளை மட்டும் நம்பிவிடவில்லை. மென்பொருளே இல்லாத, வேறு தொழில்நுட்பத்தில் ஆன இரண்டாவது பாதுகாப்பு அமைப்பு ஒன்றும் அங்கே தனியாக வைக்கப்பட்டது.

சரி, நமக்கு இதில் என்ன?

நம்மில் பெரும்பாலானவர்கள் அணு உலைக்குக் கோட் எழுதப் போவதில்லை. ஒவ்வொரு ஆப்புக்கும் பிராம் சிப்பைப் படித்தெடுக்க வேண்டும் என்றால் எந்த ஆப்பும் வெளியே வராது. ஆனால் காரின் பிரேக், மருத்துவமனையின் இன்ஃபியூஷன் பம்ப், ரயில் சிக்னல் என்று மென்பொருள் உயிரோடு விளையாடும் இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. அந்த வேலைகளில் சேரும் இளம் பொறியாளர்களும் கூடுகிறார்கள்.

அவர்களுக்குப் பயன்படும் நடைமுறை விஷயங்கள் சில:

* கம்பைலரின் எச்சரிக்கைகளை அணைத்து வைக்காதீர்கள். லினக்ஸ் கதையில் பார்த்தது போல, வரிசை தப்பிய சோதனைகள் இருக்கிற நிரலில் ஆப்டிமைசேஷன் என்ன செய்யும் என்று ஊகிப்பது கஷ்டம்.

* சோதனை செய்த பைனரியும் வெளியிடும் பைனரியும் ஒன்றாகவே இருக்கட்டும். டீபக் பில்டில் சோதித்துவிட்டு, ரிலீஸுக்கு ஆப்டிமைசேஷனோடு மறுபடி கம்பைல் செய்தால், நீங்கள் சோதித்தது வேறு, பயனருக்குப் போனது வேறு.

* எந்த கம்பைலர், எந்த வெர்ஷன், எந்த அமைப்புகள் என்பதைப் பதிவு செய்து வையுங்கள். நாளைக்கு அதே ஃபைலை மறுபடி உருவாக்கிப் பார்க்க வேண்டி வந்தால், இந்தக் குறிப்பு இல்லாமல் முடியாது.

* மிக முக்கியமான ஒரு சின்னப் பகுதி இருந்தால், அதன் டிஸ்அசெம்பிளியை ஒருமுறையாவது திறந்து பாருங்கள். நீங்கள் எழுதிய அந்த 'இஃப்' அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள்.

சைஸ்வெல் பியில் ஒரு அணிக்கு இந்தக் கடைசிக் குறிப்புதான் முழுநேர வேலையாக இருந்தது. எழுதியவர்கள் மேல் சந்தேகமோ, கம்பைலர் மேல் கோபமோ அதற்குக் காரணம் இல்லை. ஆபத்து வரும் அந்த நொடியில் உலையை நிறுத்தப்போவது சிப்பில் இருக்கும் எண்கள் மட்டும்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே, அந்த எண்களையே எடுத்துப் படித்தார்கள்.